ஊத்துமலைச் சிவன் சொன்ன சாட்சி

கலஹாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டங்களில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மாரியம்மன்தான். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் மாரியம்மன், மலைக்கு மலை முனியாண்டி, ஃபெக்டரிச் சக்கரத்துக்கு ஒரு ரோதைமுனி. அந்தச் சுற்றுவட்டாரத்தில் சிவனுக்கென்று தனிக் கோயில் வைத்திருப்பது ஊத்துமலை டிவிசன் ஒன்றுதான். அதில் ஊத்துமலைக்காரர்களுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பேராதனைக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்தில் யாராவது உட்கார்ந்தால் போதும், "எங்களுது சிவன் கோயிலுங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்தக் கோயிலைக் கூட்டிப் பெருக்குகிறவள் ஜெயக்கொடி. கூட்டச் சொல்லி அவளை யாரும் கேட்கவில்லை. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும் கூடையை லயத்து வாசலில் கவிழ்த்துவிட்டு நேரே கோயிலுக்குப் போய்விடுவாள். வெளிவீதி, மண்டபம், மடைப்பள்ளி வாசல் எல்லாம் அவள் கை படுகிற இடங்கள். திருவிழாவுக்குத் திருவிழா ஒலிபெருக்கியில் சீமெந்து கொடுத்தவருக்கும் பெயின்ட் கொடுத்தவருக்கும் நன்றி சொல்வார்கள். அவள் பெயர் அதில் வந்ததே இல்லை. அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை. அவள் கவலை வேறு. மூலஸ்தானத்து வாசற்படியோடு அவள் நிற்க வேண்டியிருந்தது. அதற்கு அப்பால் அவள் கை போகக்கூடாது.

ஒரு காலத்தில் போயிருக்கிறது. கருங்கல் கோயில் வருவதற்கு முன்னால் ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குள் லிங்கம் இருந்தது. கதவு கிடையாது, பூட்டுக் கிடையாது, ஐயரும் கிடையாது. காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பிரட்டுக்குப் போகிற வழியில் யார் வேண்டுமானாலும் ஒரு வாளி தண்ணீர் மொண்டு சாமி தலையில் ஊற்றலாம், கையாலேயே தேய்த்துக் கழுவலாம். சிவன் அபிஷேகப் பிரியர். பொங்கலும் பூமாலையும் இல்லாவிட்டாலும் அவருக்கு ஒரு செம்புத் தண்ணீர் போதும். கையில் ஒன்றுமில்லாதவர்களுக்கு அவர் சாமியானது அதனால்தான். ஜெயக்கொடிக்கு அதற்கு மேலும் ஓர் எண்ணம் இருந்தது. மாரியம்மனுக்குக் கண் இருக்கிறது, முகத்தைப் பார்த்துப் பேசலாம். லிங்கத்துக்கு முகம் ஏது? அவரிடம் ஒன்றைச் சொல்வதென்றால் கையை வைத்துத்தான் சொல்ல வேண்டும். இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தண்ணீர் ஊற்றி ஊற்றி அவளே கண்டுகொண்டது.

அவள் கல்யாணமும் அந்தக் கொட்டகையில்தான் நடந்தது. தோட்டத்து லொறி ஓட்டிக்கொண்டிருந்த மகாமுனி அங்கே வைத்துத்தான் தாலி கட்டினான். கட்டி முடிந்ததும் சொந்தபந்தமெல்லாம் சேர்ந்து இருவர் கையையும் பிடித்து லிங்கத்தின் தலைமேல் வைத்து, சிவன் சாட்சி என்றார்கள். பதிய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கையெழுத்துப் போடக் கண்டி பக்கம் போனால் ஒரு நாள் பேரும் கூலியும் போய்விடும். சிவனைவிடப் பெரிய ரெஜிஸ்தார் யார் என்று ஒரு சிரிப்பு வேறு. அந்தத் தோட்டத்தில் பாதிப் பேர் செய்த தவறு அது. அவள் தலையில்தான் விடிந்தது.

மகன் யுகேஷ் நடை பழகிய வருடம் மகாமுனி பன்வில பக்கத்துத் தோட்டமொன்றுக்கு லொறியோடு போனான். லொறி திரும்பி வந்தது, அவன் வரவில்லை. அங்கே தினுஷா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான், இந்தத் தடவை ஒழுங்காகப் பதிந்தே கட்டிக்கொண்டான் என்று செய்தி வந்தது. பிள்ளைக்குச் செலவு கேட்டு ஜெயக்கொடி ஏறாத படி இல்லை. போன இடமெல்லாம் ஒரே கேள்வி, பதிவு இருக்கிறதா? கழுத்துத் தாலியைக் காட்டிச் சிவன் சாட்சி என்று அவள் சொன்னபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கப் பெரும்பாடுபட்டார்கள்.

ஏறி இறங்கிக் கால் ஓய்ந்த பிறகு, மகனை அக்கா வீட்டில் விட்டுவிட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். புறப்பட்ட அன்று காலை கொட்டகைக்குப் போய் லிங்கத்தின் தலையில் கையை வைத்தாள். "எம் புள்ளைய நீ பாத்துக்க. நான் வந்து என் கையாலயே உன்னைய முழுகாட்டுறேன்" என்று நேர்ந்துவிட்டுப் போனாள்.

சிவன் தன் பங்கை ஒழுங்காகவே செய்தார். யுகேஷ் கெட்ட சகவாசம் எதிலும் விழாமல் வளர்ந்து, இப்போது அக்குறணையில் ஒரு ஹாட்வெயார் கடையில் முதலாளியின் நம்பிக்கைக்குரிய ஆளாக இருக்கிறான். நிறைவேறாமல் கிடந்தது அவள் சொன்ன சொல்தான்.

அவள் குவைத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த காலத்தில் கோயில் பெரிதாகிவிட்டது. டவுன் வியாபாரிகள் முன்னுக்கு நின்றார்கள், வெளிநாட்டில் இருந்தவர்கள் அனுப்பினார்கள். தகரக் கொட்டகை போய்க் கருங்கல் மூலஸ்தானம் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஐயர் வந்தார், ஆகமம் வந்தது, கதவும் வந்தது. ஊர் திரும்பிய ஜெயக்கொடி பெட்டியைக்கூடப் பிரிக்காமல் வாளியோடு ஓடினாள். தலைவர் லக்ஸ்மன்தான் வாசலில் மறித்தார். கலஹா டவுனில் கடை வைத்திருப்பவர், கோயில் சபைக்கு அன்றும் இன்றும் அவர்தான் தலைவர்.

"இனி ஐயரைத் தவிர ஆரும் உள்ள போகப்படாதுக்கா. கும்பாபிசேகத்துக்கு முந்தி எண்ணெய்க்காப்புன்னு ஒண்ணு வரும். அப்ப மட்டும் ஆம்பளை பொம்பளை எல்லாருமே உள்ள போயி சாமிக்குக் கையால எண்ணெய் வைக்கலாம். இப்பதான் ஒண்ணு முடிஞ்சது. அடுத்தது பன்னெண்டு வருசத்துல வந்துரும்."

அடுத்த பஸ் வந்துவிடும் என்பது போலச் சொன்னார். வந்ததோடு வந்தது என்று அவள் இன்னொன்றும் கேட்டாள். தன் கல்யாணம் இந்தச் சாமி முன்னால்தான் நடந்தது என்று சபையிலிருந்து ஒரு கடிதம் கிடைக்குமா? லக்ஸ்மன் தலையைச் சொறிந்தார்.

"அப்ப இது கோயிலே இல்லையேக்கா. பிரதிஷ்டை பண்ணாத வெறும் கல்லு. கல்லு முன்னால நடந்ததுக்குச் சபை எப்படிக் கடுதாசி குடுக்கும்?"

சபைக்குத் தலைவரானால் வக்கீல் மூளையும் கூடவே வந்துவிடும் போலிருக்கிறது. ஜெயக்கொடி வாளியோடு திரும்பினாள். மறுநாளிலிருந்து கூட்டத் தொடங்கினாள். சாமியைத் தொட முடியாதவள் சாமியைச் சுற்றியிருந்த தரையைத் தொட்டுக்கொண்டு அடுத்த எண்ணெய்க்காப்புக்குக் காத்திருந்தாள்.

அது இந்த வருடம் வந்தது. திங்கட்கிழமை கும்பாபிஷேகம். சனிக்கிழமை முழுவதும், ஞாயிற்றுக்கிழமை உச்சிவேளை வரைக்கும் எண்ணெய்க்காப்பு. ஜெயக்கொடி ஒரு கிழமைக்கு முன்பே மச்சம் மாமிசத்தை விட்டாள். கலஹா டவுனுக்குப் போய் நல்லெண்ணெய் வாங்கி வந்து சாமி தட்டில் வைத்தாள். லயத்தில் பக்கத்து அறையான காம்பராவில் இருக்கும் நிரோஷினி, "கோயில்லயே எண்ணெய் குடுக்கிறாங்கக்கா" என்றதற்கு, "அது அவங்க எண்ணெய்" என்றாள்.

மகாமுனி கண்டி ஆஸ்பத்திரியில் மோசமாகக் கிடக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். யுகேஷ் போய்ப் பார்த்து வந்து சொல்லியிருந்தான். வளர்ந்த பிறகு அவன் தகப்பனோடு ஒட்டிக்கொண்டது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. எண்ணெய்க்காப்பு முடியட்டும் என்று மட்டும் மனசுக்குள் நினைத்தாள். அது அவன் உயிருக்காக நினைத்ததா, தன் நேர்த்திக்காக நினைத்ததா என்று கேட்டால் உண்மையைத்தான் சொல்லியிருப்பாள்.

சனிக்கிழமை வரிசையில் நின்று, மூலஸ்தானத்து விளக்கு கண்ணில் படுகிற தூரத்துக்கு வந்தபோது அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. யுகேஷ். அந்த நேரத்தில் அவன் கடையில் நிற்க வேண்டியவன். பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. சாவுச் செய்தி காதில் விழுந்த பிறகுதான் தீட்டு. விழாதவரை இல்லை. வெளிநாட்டில் சொந்தக்காரர் ஒருவர் செத்தது தெரியாமல் மாதக்கணக்கில் கோயிலுக்குப் போய் வந்தவர்கள் தோட்டத்தில் இருக்கிறார்கள், அவர்களை யாரும் குற்றம் சொன்னதில்லை. ஜெயக்கொடி போனை அடிக்க விட்டாள். அது நின்றதும் அணைத்து வைத்தாள். முன்னால் இன்னும் நாலைந்து பேர்தான்.

பின்னால் நின்ற நிரோஷினியின் போன் அடித்தது.

ஜெயக்கொடி திரும்பினாள். நிரோஷினி போனைக் காதில் வைத்திருந்தாள், முகம் மாறிவிட்டிருந்தது. சொல்லாதே என்று ஜெயக்கொடி தலையை ஆட்டினாள். கையைக்கூட எடுத்துக் கும்பிட்டாள். நிரோஷினி கெட்டவள் இல்லை, காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுக்கிறவள். ஆனால் பயந்தவள். பயந்தவர்களால் வருகிற கேடு, கெட்டவர்களால்கூட வராது.

"மன்னிச்சிருங்கக்கா. தெரிஞ்சும் நான் பேசாம இருந்தா அந்தப் பாவம் எம் புள்ளைகளுக்கு வந்து சேரும். யுகேஷோட அப்பா போயிட்டாராம்."

வரிசை விலகியது. முன்னால் நின்றவர்கள் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள், பின்னால் நின்றவர்கள் இரண்டடி பின்னுக்குப் போனார்கள். அவன் விட்டுவிட்டுப் போன நாளிலிருந்து மகாமுனியின் மனைவி என்று அவளை ஒருவரும் சொன்னதில்லை. செத்த அன்று தோட்டமே சொன்னது. லக்ஸ்மன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"பதினாறு நாளு தீட்டுக்கா. போயி ஆக வேண்டியதைப் பாருங்க. சாமி எங்கயும் போயிராது."

சாமி எங்கேயும் போகாது என்பது அவளுக்கும் தெரியும். கதவுக்கு உள்ளேதான் இருக்கும்.

பன்விலவுக்குப் போகாமலும் இருந்திருக்கலாம். ஆனால் மகன் அங்கே நிற்கிறான். தீட்டுத்தான் வந்து தொலைந்துவிட்டதே, அழுதாவது தீர்க்கலாம் என்று கண்டிக்குப் போய் பஸ் மாறி, வத்தேகம வழியாகப் போய்ச் சேர்ந்தாள். வெள்ளைக் கொடி கட்டிய பாதை முனையிலேயே பேனர் தொங்கியது. மகாமுனியின் படம், கீழே அன்பு மனைவி தினுஷா, அன்புப் பிள்ளைகள் என்று இரண்டு பெண்களின் பெயர்களோடு யுகேஷின் பெயரும். அவள் பெயர் இல்லை. உள்ளே போய் உடம்பின் தலைமாட்டில் உட்காரப் போனவளைத் தினுஷாவின் அண்ணன் மரியாதையாகவே தடுத்தார்.

"கோவிச்சுக்காதீங்க. சட்டப்படி எங்க தங்கச்சிதான் பொண்டாட்டி. நாலு பேரு வந்து போற இடம். வெளிய உக்காருங்க."

வெளியே பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார வைத்தார்கள். வந்தவர்களுக்குக் கொடுத்தது போல அவளுக்கும் பாலில்லாத பிளேன்டி கொடுத்தார்கள். யுகேஷ் வந்து பக்கத்தில் குந்தினான்.

"பிரச்சினை பண்ணாதீங்கம்மா. நாளைக்கு மூணு மணிக்கு எடுக்கிறாங்க. கொள்ளி நாந்தான் வைக்கணுமாம். அவங்களுக்குப் பொம்பளைப் புள்ளைங்கதானே."

"கொள்ளி வைக்க நீ வேணும். உன்னையப் பெத்தவ வேணாமா?"

அவன் நிலத்தைப் பார்த்தான். நல்ல பிள்ளைதான், ஆனால் நல்ல பிள்ளைகள் இப்படியான நேரத்தில் நிலத்தைத்தான் பார்க்கிறார்கள். தேத்தண்ணி ஆறிப்போனது. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. இங்கே நான் யாருமில்லை என்றால் எனக்குத் தீட்டு எங்கிருந்து வரும்? அயலார் சாவு வீட்டுக்குப் போய் வந்தால் தலை முழுகினால் சரி. ஞாயிறு உச்சிவேளை வரைக்கும் வரிசை இருக்கிறது.

மறுநாள் முதல் பஸ்ஸில் திரும்பினாள். மகனிடம்கூடச் சொல்லவில்லை. பீலியில் கொட்டுகிற தண்ணீரில் தலை முழுகி, துவைத்த சேலை உடுத்தி, எண்ணெய்ப் போத்தலோடு கோயில் வாசலில் வந்து நின்றபோது வரிசை மெலிந்திருந்தது. லக்ஸ்மன் மறுபடியும் ஓடிவந்தார்.

"தீட்டோட வரப்படாதுன்னு சொன்னேனேக்கா."

"எனக்கு என்னாங்க தீட்டு? தலைமாட்டுல பதிஞ்சு கட்டுனவ உக்காந்திருக்கா. என்னைய வெளிய கதிரையில உக்கார வச்சுத் தேத்தண்ணி குடுத்தாங்க. நான் அவருக்கு ஆருமில்லையாம். ஆருமில்லாதவளுக்கு ஏது பதினாறு நாளு? சாவு வீட்டுக்குப் போனது போச்சு, முழுகிட்டேன்."

வரிசையில் நின்ற சிலர் தலையாட்டினார்கள். நியாயந்தானே என்று ஒரு குரலும் வந்தது. முன்னைக்கு இப்போது லக்ஸ்மனுக்கும் வயதாகியிருந்தது, கொஞ்சம் இரக்கமும் வந்திருந்தது. ஐயரைக் கேட்டுவிடலாம் என்று உள்ளே போனார். ஜெயக்கொடி எட்டிப் பார்த்தாள். திறந்திருந்த கதவு வழியாக எண்ணெயில் ஊறிக் கறுத்து மின்னிக்கொண்டிருந்த லிங்கம் தெரிந்தது. ஊர் முழுக்கத் தொட்ட எண்ணெய்.

ஐயர் வந்து முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசாதவர்.

"அம்மா, ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லுங்கோ. உங்களுக்குத் தாலி கட்டினது எங்க?"

ஒரு பொய் போதும். தாலி என்று முறையாக ஒன்றும் நடக்கவில்லை, கழுத்தில் கிடப்பது நானாகப் போட்டுக்கொண்டது, சும்மா சேர்ந்திருந்தோம் என்று சொன்னால் அந்தப் படியைத் தாண்டிவிடலாம். லிங்கத்துக்கு முன்னால் நின்று அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"இங்கதாங்க சாமி. இவரு முன்னாலதான். எங்க ரெண்டு பேரு கையையும் இவரு தலையிலதான் வச்சாங்க."

"அப்ப சிவன் சாட்சி. எழுத்து இருந்தால் என்ன, இல்லாட்டில் என்ன? நீங்கள்தான் அவரின்ர மனிசி. இந்தத் தீட்டுத் துடக்கும் உங்களுக்குத்தான் அம்மா."

இந்த ஒரு சொல்லுக்காக அவள் ஏறிய படிகள் கொஞ்சமா? மேசைக்கு மேசை போய்ச் சொல்லியும் ஒருவனும் ஒப்புக்கொள்ளாததை, கடிதம் கேட்டும் கோயில் எழுதித் தராததை, இன்றைக்கு இந்த வாசலில் நின்று ஓர் ஐயர் சந்தேகமே இல்லாமல் ஒப்புக்கொண்டார். அவளை வெளியே நிறுத்துவதற்காக ஒப்புக்கொண்டார். ஜெயக்கொடிக்கு அழுகையை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. லக்ஸ்மன் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு இது வெறும் கல்லுன்னீங்களே. இப்ப எப்படிங்க சாட்சி சொல்லுது?"

"அது வேறக்கா, இது வேற" என்றார் லக்ஸ்மன். எது வேறு என்று அவருக்கும் தெரியவில்லை.

"சரி. அப்ப ஒரே ஒரு உபகாரம் பண்ணுங்க சாமி" என்றாள் ஐயரிடம். "இப்ப சொன்னதைப் பன்விலவுக்கு வந்து ஒரு தடவை சொல்லுங்க. மூணு மணிக்குத்தான் எடுக்கிறாங்க. கார் புடிச்சாப் போயிரலாம். நீங்க சொன்னா என்னையத் தலைமாட்டுல உக்கார விடுவாங்க. உக்காந்து அழுதுட்டு, இந்தத் தீட்டைப் பதினாறு நாளும் நான் முழுசா வச்சுக்கிறேன்."

ஐயர் தயங்கி, வலது கையைத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருந்தது.

"காப்புக் கட்டியிருக்கிறன் அம்மா. இது அவிழுமட்டும் செத்த வீட்டுக்கு வரேலாது."

"நீங்க அங்க வர முடியாது. நான் இங்க வர முடியாது. அப்ப இந்தச் சாட்சி ஆருக்குங்க?"

அதற்கு ஆகமத்தில் விடை இருந்திருந்தால் ஐயர் சொல்லியிருப்பார். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே போனார். உச்சிவேளை மணி அடித்தது. கடைசியாக நின்றவர்கள் எண்ணெய் வைத்துவிட்டுக் கையைத் தலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். கதவு சாத்தப்பட்டது.

அவள் பன்விலவுக்குத் திரும்பவில்லை. அங்கே அவன் வெளியே எடுக்கப்பட்ட நேரத்தில் லயத்துக்குள் பாயை விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மறுநாள் கும்பாபிஷேகம் நடந்தது. கும்பத்து நீரைக் குழாய் வைத்துக் கூட்டத்தின் மேல் அடித்தார்கள், நனைந்தவர்களெல்லாம் அரோகரா என்றார்கள். அவள் தேயிலை மலைக்குள் நின்று பார்த்தாள்.

பதினாறாம் நாள் பன்விலவில் யுகேஷ் கருமாதி செய்தான். இங்கே தோட்டத்துப் பெண்கள் ஜெயக்கொடியின் காம்பராவுக்கு வந்தார்கள். நிரோஷினிதான் முன்னால் நின்றாள், கையில் பால் செம்பு. தாலியைக் கழற்றி அதற்குள் போட வேண்டும், அதோடு எல்லாம் முடியும். கழுத்தில் கை வைக்க வந்தவளை ஜெயக்கொடி மெல்லத் தள்ளினாள்.

"முறையைச் செஞ்சிரணுமேக்கா" என்றாள் நிரோஷினி. "ஐயரே சொல்லிட்டாரே, நீங்கதான் பொண்டாட்டின்னு."

"சிவன் சாட்சின்னும் சொன்னாரே" என்றாள் ஜெயக்கொடி. "புருசந்தான் செத்தாரு. சாட்சி உள்ளதான் உக்காந்திருக்காரு, கதவைச் சாத்திக்கிட்டு. அவரும் சாகட்டும், கழட்டித் தாறேன்."

நிரோஷினி காதைப் பொத்திக்கொண்டாள். செம்பில் இருந்த பால் பாயில் சிந்தியது. மற்றப் பெண்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்கள்.